எப்பவும் அசதி, அடிக்கடி காய்ச்சல் சளி: டாக்டர்கிட்ட போலாமா வேண்டாமான்னு எப்படி முடிவு பண்றது

மொதல்லயே சொல்லிடறேன், நான் டாக்டர் இல்ல. "சும்மா அலுப்புதான், லீவுல தூங்கினா சரியாயிடும்"னு சொல்லிச் சொல்லியே ஒன்றரை வருஷம் ஓட்டிட்டு கடைசியில எச்பி (ரத்தத்துல இருக்கற ஹீமோகுளோபின் அளவு) 7.4ல போய் நின்னவ. எங்க ஆபீஸ் ரெண்டாவது மாடி, லிஃப்ட் பாதி நாள் ஓடாது. படி ஏறும்போது மொத மாடி திருப்பத்துல நின்னு ஃபோனை எடுத்து ஏதோ மெசேஜ் வந்த மாதிரி பாத்துட்டு இருப்பேன், ஒரு மெசேஜும் இருக்காது, மூச்சு வாங்கறது பின்னாடி வர்றவங்களுக்கு தெரியக்கூடாதுன்னு ஒரு நடிப்பு. அது எப்ப பழக்கமாச்சுன்னு எனக்கே ஞாபகம் இல்ல, அதுதான் இந்த அசதியோட தந்திரமே, கொஞ்சம் கொஞ்சமா வர்றதால நமக்கு உறைக்காது.

அதனால "நான் டயர்டா இருக்கனா?"ன்னு உங்களையே கேட்டுப் பிரயோஜனம் இல்ல, யாருக்குத்தான் டயர்டு இல்ல. இப்படி கேளுங்க: போன தீபாவளி சமயத்துல சாதாரணமா செஞ்சிட்டு இருந்த எந்த வேலைய இப்ப விட்டுட்டேன்? மொட்டை மாடியில துணி காயப்போட்டவங்க ரூம்லயே கொடி கட்டிட்டீங்களா, மார்கழி முழுக்க வாசல் நிறைய கோலம் போட்டவங்க ஸ்டிக்கர் ஒட்டிட்டு விட்டுட்டீங்களா, பஸ் ஸ்டாப்புக்கு நடந்தவங்க ஷேர் ஆட்டோவுக்கு மாறிட்டீங்களா, ஞாயித்துக்கிழம படுக்கையிலயே முடிஞ்சு போகுதா. ஒவ்வொண்ணுக்கும் நாமளே ஒரு காரணம் வெச்சிருப்போம், வெயிலு, வயசு, வேலைன்னு. வீட்ல இருக்கறவங்கள கேளுங்க, அவங்க பாத்துட்டுதான் இருக்காங்க. எனக்கு என் நாத்தனார்தான் சொன்னா, "அண்ணி, முன்னாடி எல்லாம் நின்னுக்கிட்டே இருபது தோசை ஊத்துவீங்க, இப்ப ஸ்டூல் போட்டு உக்காந்துக்கிட்டு ஊத்தறீங்க, கவனிச்சீங்களா"ன்னு. நான் கவனிக்கவே இல்ல.

யோசிக்கவே வேண்டாத சில விஷயம் இருக்கு, அதுக்கு நாள் எண்ணிட்டு உக்காராதீங்க. நெஞ்சுல வலி இல்லன்னா அழுத்தம், படுத்தா மூச்சு முட்டறது, மயங்கி விழறது, ஒரு பக்கம் கை கால் வெலவெலத்துப் போறது, வாய் கோணறது, பேச்சு குழறது, ரத்த வாந்தி, மலம் தார் மாதிரி கருப்பா போறது (இரும்புச் சத்து மாத்திரை சாப்பிடறவங்களுக்கும் கருப்பா போகும், அது வேற). இதுல எது வந்தாலும் 108 தான். சுகர் இருக்கறவங்க, அம்பது தாண்டின பொம்பளைங்க இவங்களுக்கு ஹார்ட் அட்டாக் சினிமால காட்டற மாதிரி நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டுதான் வரணும்னு இல்ல, திடீர்னு ஒரு அசதி, வேர்வை, வாந்தி வர்ற மாதிரின்னு கூட வரும், "கேஸ் பிடிச்சிருக்கு"ன்னு சோடா குடிச்சிட்டு படுத்துடாதீங்க. டெங்கு சீசன்ல இன்னொண்ணு, காய்ச்சல் விட்டுடுச்சு அப்பாடான்னு இருக்கற அந்த ஒண்ணு ரெண்டு நாள்லதான் ஆபத்தே, அப்ப வயித்து வலி, விடாம வாந்தி, ஈறுல ரத்தம், ஒரேயடியா சோர்வுன்னா ராத்திரின்னு பாக்காம கிளம்பிடணும்.

இது எதுவும் இல்ல, ஆனா அசதி இருக்குன்னா மொதல்ல கண்ணுக்குத் தெரியற காரணம் இருக்கான்னு பாருங்க. இப்பதான் வைரல் காய்ச்சல் வந்து போச்சுன்னா ரெண்டு மூணு வாரம் உடம்பு அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கறது சகஜம், சிக்குன்குன்யான்னா மூட்டு வலி மாசக்கணக்குல கூட இழுக்கும். கைக்குழந்தை இருக்கு, நைட் ஷிஃப்ட், பன்னெண்டு மணி வரை ரீல்ஸ், இதெல்லாம் இருந்தா ஒரு ரெண்டு வாரம் தூக்கத்த சரி பண்ணிப் பாருங்க. புதுசா ஏதாவது மாத்திரை ஆரம்பிச்சீங்களான்னும் பாருங்க, அலர்ஜிக்குன்னு தினமும் போடற செட்ரிசின், சில பிபி மாத்திரை எல்லாம் ஆளை மந்தமாக்கும், ஆனா பிபி மாத்திரைய நீங்களா நிறுத்தாதீங்க, எழுதினவர்கிட்டயே கேளுங்க. கல்யாணம் ஆனவங்க, நாள் தள்ளிப் போயிருக்கான்னு ஒரு தடவை காலண்டரையும் பாத்துடுங்க.

காரணம் எதுவும் இல்லாம ரெண்டு வாரத்துக்கு மேல, இல்ல தூங்கி எழுந்தும் தூங்கின மாதிரியே இல்லைனா டாக்டர்கிட்ட போயிடலாம். "இவ்ளோ சின்ன விஷயத்துக்கா"ன்னு தோணும், தோணட்டும்.

அசதியோட கூட என்ன வருதுன்னு பாக்கறதுதான் முக்கியமான வேலை. சாயங்காலம் ஆனா லேசா காய்ச்சல், ரெண்டு வாரத்துக்கு மேல இருமல், ராத்திரி பனியன் நனையற அளவு வேர்வை, எடை குறையுதுன்னா டிபி டெஸ்ட், அரசு ஆஸ்பத்திரியில சளி டெஸ்ட்டும் மருந்தும் ஃப்ரீ, வெக்கப்பட எதுவும் இல்ல. அடிக்கடி தண்ணி தாகம், ராத்திரி நாலு தடவை பாத்ரூம், புண்ணு ஆற நாளாகுது, கட்டி, யூரின் இன்ஃபெக்ஷன், அரிப்புன்னு மாத்தி மாத்தி வருதுன்னா சுகர். குளிர் தாங்கல, மலச்சிக்கல், முடி கொட்டுது, சாப்பாடு கம்மி ஆனா எடை ஏறுதுன்னா தைராய்டு. சுத்த சைவம், இல்ல வருஷக்கணக்கா மெட்ஃபார்மின்ங்கற சுகர் மாத்திரை சாப்பிடறவங்க, பாதம் மரத்துப் போற மாதிரி சுருசுருன்னு இருந்தா விட்டமின் பி12 குறைவு. வீடே அதிர்ற மாதிரி குறட்டை விட்டுட்டு பகல்ல வண்டி ஓட்டும்போது கண்ணு சொருகுதுன்னா அது ஸ்லீப் ஆப்னியாவா (தூக்கத்துல மூச்சு விட்டு விட்டு நிக்கறது) இருக்கலாம், நம்ம ஊர்ல குறட்டைய நல்ல தூக்கம்னு நெனச்சு விட்டுடறாங்க. டயட் எதுவும் இல்லாம ஆறு மாசத்துல அறுபது கிலோ அம்பத்தாறு ஆச்சுன்னா, "ஒல்லியாயிட்டியே"ன்னு யாராவது பாராட்டினாலும் சந்தோஷப்படாம செக் பண்ணுங்க. எதுலயும் ஆசையே இல்ல, பிடிச்ச சீரியல் கூட பாக்கத் தோணல, காரணமில்லாம அழுகை வருதுன்னா அதுவும் டாக்டர்கிட்ட சொல்ற விஷயம்தான், நேர்ல சொல்ல கூச்சமா இருந்தா 14416ன்னு அரசாங்கத்தோட டெலி மனஸ் மனநல ஆலோசனை நம்பர் இருக்கு, தமிழ்லயே பேசலாம், உயிரோட இருந்து என்ன பிரயோஜனம்னு தோணுச்சுன்னா அன்னைக்கே பேசுங்க.

அடிக்கடி சளி பிடிக்குதுன்னு பயப்படறவங்களுக்கு: பெரியவங்களுக்கு வருஷத்துக்கு ரெண்டு மூணு தடவை சளி சாதாரணம், வீட்ல எல்கேஜி சேர்ந்த பிள்ளை இருந்தா இன்னும் கூடும், அது ஸ்கூல்லேர்ந்து தினமும் ஒண்ணு கொண்டு வரும். ஆனா ஒரே வருஷத்துல ரெண்டு தடவை நிமோனியா, வாய்க்குள்ள வெள்ளையா படிஞ்சுக்கிட்டே இருக்கறது, கழுத்துல அக்குள்ல நெறி கட்டி கரையாம இருக்கறது, இதெல்லாம் பாக்க வேண்டியது. எச்ஐவி டெஸ்ட்டும் அதுல ஒண்ணு, அரசு ஆஸ்பத்திரி நம்பிக்கை மையத்துல ஃப்ரீயா ரகசியமா பண்ணுவாங்க.

இப்ப நம்ம பொண்ணுங்க விஷயம். எனக்கு பச்சரிசி மெல்லற பழக்கம் வந்துச்சு. ரேஷன் வாங்கிட்டு வந்து டப்பாவுல கொட்டும்போது ஒரு பிடி, கோலமாவு அரைக்க எடுக்கும்போது ஒரு பிடி, அப்புறம் டிவி பாக்கும்போது கிண்ணத்துலயே வெச்சுக்கிட்டேன். "அரிசி தின்னா கல்யாணத்துல மழை வரும்"னு சின்ன வயசுல அம்மா திட்டுவாங்க, நமக்குத்தான் கல்யாணம் ஆயிடுச்சே, இனி மழை வந்தா என்னன்னு தின்னேன். அது இரும்புச் சத்து கொறைஞ்சா வர்ற ஆசைன்னு பின்னாடிதான் தெரிஞ்சது. பச்சரிசி, சாக்பீஸ், விபூதி, ஐஸ் கட்டி, மண் வாசனைன்னு ஆளாளுக்கு ஒண்ணு. மாத்திரை ஆரம்பிச்சு கொஞ்ச நாள்லயே அந்த டப்பா பக்கமே போகத் தோணல.

மத்திய அரசோட 2019-21 குடும்ப நல சர்வேபடி தமிழ்நாட்டுல 15லேர்ந்து 49 வயசு பொண்ணுங்கள்ல 53 சதவீதம் பேருக்கு ரத்த சோகை. பாதிக்கு மேல, அதனாலதான் நம்ம வீட்ல எல்லாரும் ஒரே மாதிரி சோந்து கிடந்து அதையே நார்மல்னு நெனச்சுக்கறோம். எச்பி பொண்ணுங்களுக்கு 12, ஆம்பளைங்களுக்கு 13, கர்ப்பிணிக்கு 11, இதுக்குக் கீழ போனா ரத்த சோகை. பீரியட்ஸ் ஏழு நாளைத் தாண்டுது, ஒரு மணி ரெண்டு மணிக்கு ஒரு பேட் மாத்தணும், கட்டி கட்டியா போகுது, ராத்திரி பெட்ஷீட்டுக்கு அடியில பழைய துணி போட்டுக்கிட்டுதான் படுக்கறேன்னா அது "எங்க குடும்பத்துல எல்லாருக்கும் அப்படித்தான்" இல்ல. எனக்கு கர்ப்பப்பையில ஃபைப்ராய்ட் கட்டி இருந்துச்சு, அம்மாவுக்கும் இருந்திருக்கும்னு இப்ப தோணுது, அவங்க யாருகிட்டயும் கேட்டதே இல்ல. ஆம்பளைங்களுக்கோ, பீரியட்ஸ் நின்ன அம்மாக்களுக்கோ இரும்புச் சத்து கொறஞ்சா இன்னும் கவனம், வயித்துக்குள்ள, குடல்ல எங்கயாவது ரத்தம் கசியுதான்னு கண்டுபிடிக்கணும், வெறும் மாத்திரையோட விடக்கூடாது.

டாக்டர் முன்னாடி போய் "டயர்டா இருக்கு சார்"னு மட்டும் சொல்லாதீங்க. நான் மொத தடவை அதத்தான் சொன்னேன், நிமிந்து கூட பாக்காம பி காம்ப்ளக்ஸும் "ஸ்ட்ரெஸ் எடுத்துக்காதம்மா"வும் குடுத்து அனுப்பிட்டாங்க. கோவம்தான், ஆனா வெளியில நாப்பது பேர் உக்காந்திருக்கும்போது டயர்டுங்கற ஒரு வார்த்தைய வெச்சு அவங்களும் என்ன பண்ணுவாங்க. ரெண்டாவது தடவை ஒரு துண்டுச் சீட்டுல எழுதிட்டு போனேன்: ஒன்றரை வருஷமா இருக்கு, மொத மாடியிலயே நிக்கறேன், பீரியட்ஸ் ஒம்போது நாள், அரிசி தின்றேன். அந்த டாக்டரம்மா படிச்சிட்டு கண்ணு கீழ் இமையை இழுத்துப் பாத்தாங்க, உள்ள சிவப்பே இல்லையாம். அவ்ளோதான், ரெண்டு நிமிஷம். நீங்களும் எப்பலேர்ந்து, என்ன செய்ய முடியல, கூட என்ன இருக்கு, சாப்பிடற மாத்திரை எல்லாம் (நாட்டு மருந்து, முடிக்கு போடற பயோட்டின் உட்பட) எழுதிக்குங்க. பயோட்டின் தைராய்டு ரிசல்ட்டையே தப்பா காட்டும், டெஸ்ட்டுக்கு முன்னாடி நிறுத்தணுமான்னு கேட்டுக்குங்க.

"ரெண்டு பாட்டில் ட்ரிப்ஸ் ஏத்திக்கிட்டா தெம்பாயிடும்"னு யாராவது சொன்னா கேக்காதீங்க. அரை லிட்டர் 5 சதவீத குளுக்கோஸ்ல இருக்கறது 25 கிராம் சக்கரை, அதுக்கு ஒரு டம்ளர் ஜூஸ் போதும், கையில குத்திக்க வேண்டியதில்ல. மெடிக்கல் ஷாப்ல குடுக்கற பேர் தெரியாத "சத்து மாத்திரை"ல பசி நல்லா எடுக்குது, முகம் பளபளன்னு உப்புதுன்னா அதுல ஸ்டீராய்டு இருக்கலாம், உஷார். அதே மாதிரி ஒரே ஒரு வைடல் டெஸ்ட்ட வெச்சு "டைஃபாய்டு"ன்னு சொன்னா நம்பிடாதீங்க, எப்பவோ வந்து போன காய்ச்சலுக்கு கூட அது பாசிட்டிவ் காட்டும்.

ஆரம்பத்துலயே எண்பது டெஸ்ட் பேக்கேஜ் எல்லாம் வேண்டாம், எண்பது பண்ணா எங்கயாவது ஒண்ணு ரெண்டு சிவப்பு எழுத்துல வரும், அதைத் துரத்திட்டே போகணும். டாக்டர் பாத்துட்டு பெரும்பாலும் சிபிசி (ரத்த அணு எண்ணிக்கை, எச்பி எல்லாம் இதுல வரும்), சுகர், டிஎஸ்எச் (தைராய்டு டெஸ்ட்), தேவைப்பட்டா ஃபெரிட்டின் (உடம்புல இரும்புச் சத்து இருப்பு), பி12, கிட்னி, லிவர்னு எழுதுவாங்க. ஊர்ல ஆரம்ப சுகாதார நிலையத்துலயே எச்பி, சுகர் ஃப்ரீயா பாப்பாங்க, காலையில சீக்கிரம் போயிடுங்க. எங்க போறதுன்னே தெரியலன்னா அரசாங்கத்தோட மருத்துவ உதவி நம்பர் 104க்கு அடிச்சு கேக்கலாம்.

இரும்பு மாத்திரை குடுத்தா டீ காப்பியோட போடாதீங்க, ஒரு மணி நேரமாவது கேப் விடுங்க, கால்சியம் மாத்திரையோட சேத்தும் போடக்கூடாது, தைராய்டு மாத்திரைன்னா நாலு மணி நேரம் தள்ளி. எலுமிச்ச ஜூஸோட போட்டா நல்லா ஏறும். எச்பி 12 வந்துடுச்சுன்னு உடனே நிறுத்தினா மறுபடி எறங்கும், அதுக்கப்புறமும் மூணு மாசம் கிட்ட சாப்பிட சொல்லுவாங்க.

எல்லாம் நார்மல்னு வந்து அசதி மட்டும் போகலன்னா? ரிப்போர்ட்ட கிழிச்சுப் போடாம ஃபைல்ல வைங்க, தூக்கம், குறட்டை, மனசு இது மூணையும் அந்த டாக்டர்கிட்டயே மறுபடி பேசுங்க, ஒரு மாசம் கழிச்சு எடை பாருங்க, அப்பவும் அசதி கொறையாம இருந்தா அதே துண்டுச் சீட்ட புது தேதி போட்டு எழுதிட்டு இன்னொருத்தர்கிட்ட போங்க.