அரசு காண்டிராக்டில் பணம் நின்றுபோனால் செய்யக் கூடாத தவறுகள்

வள்ளியூர், நாங்குநேரி பக்கத்துச் சிறு காண்டிராக்டர்களுக்கு மத்திய அரசு வேலை புதிதல்ல. விஜயநாராயணத்தில் கடற்படைத் தளம், மகேந்திரகிரியில் இஸ்ரோ, கூடங்குளத்தில் அணுமின் நிலையம் என்று சுற்றிலும் இருக்கிறது. சுவர் எழுப்பத் தெரிந்தவர்களுக்கு, பில் நின்றுபோனால் யாரிடம் போவது என்பது தெரியாமல் இருப்பதை நான் அடிக்கடி பார்க்கிறேன். பாளையங்கோட்டையில் காண்டிராக்டர்களுக்கு பில் தயாரித்துக் கொடுப்பதுதான் என் வேலை.

முதல் தவறு, தப்பான வாசலில் போய் நிற்பது. ராணுவ வேலைதானே, சென்னையில் இருக்கும் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தில் மனு போடலாமா என்று கேட்பார்கள். 2007 சட்டத்தில் வந்த அந்தத் தீர்ப்பாயம் படையினரின் பணி, ஓய்வூதியம், ராணுவ நீதிமன்றத் தண்டனை போன்றவற்றுக்கு மட்டும்தான். மத்திய நிர்வாகத் தீர்ப்பாயமும் அரசு ஊழியர்களின் பணி விவகாரத்துக்குத்தான். அமெரிக்காவில் ராணுவ ஒப்பந்தத் தகராறுக்கென்றே ஒரு மேல்முறையீட்டு வாரியம் உண்டு, அதிகாரியின் முடிவு கைக்கு வந்து 90 நாளுக்குள் அங்கே போகலாம். இங்கே அப்படி ஒன்று கிடையாது. ஒப்பந்தத்தில் ஆர்பிட்ரேஷன் பிரிவு, அதாவது தகராறை நடுவரிடம் விடும் பிரிவு, இருந்தால் நடுவர், இல்லையென்றால் சிவில் கோர்ட். அதனால் டெண்டர் போடும் முன்பே அந்தப் பிரிவு இருக்கிறதா என்று தேடிப் படித்துவிடுங்கள். அப்புறம், துறையே தன் இஷ்டத்துக்கு ஒரு நடுவரை நியமித்து, சம்மதம் என்று எழுதிக் கேட்டால் அவசரப்பட்டு எழுதிக் கொடுக்காதீர்கள். ஒரு தரப்பே தனி நடுவரை நியமிப்பது செல்லாது என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு சொல்லிவிட்டது. தகராறு வந்தபிறகு நீங்களாக எழுத்தில் சம்மதித்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடும்.

அடுத்தது பைனல் பில். அதிகம் பேர் விழுவது இதில்தான். ராணுவக் கட்டட வேலைகளைப் பார்க்கும் எம்.இ.எஸ். துறையின் பொது நிபந்தனைகளில் 65-வதைப் பாருங்கள்: பைனல் பில் கொடுத்தபிறகு புதிதாக எதுவும் கேட்க முடியாது, கேட்காமல் விட்டதை விட்டுக்கொடுத்ததாகவே எடுத்துக்கொள்வார்கள். என் சித்தப்பா ஓர் அரசு வளாகத்தில் சுற்றுச்சுவர் கட்டினார். அஸ்திவாரம் தோண்டும்போது நாலடியில் பாறை. “உடைச்சிருங்க அண்ணாச்சி, எக்ஸ்ட்ரா ஐட்டத்துல போட்டுக்கலாம்” என்று ஜே.இ. (இளநிலைப் பொறியாளர்) வாயால் சொன்னார். கம்ப்ரசர் வைத்து ஒன்பது நாள் உடைத்தார்கள், வேலையின் அளவைப் பதியும் எம்-புக்கில் அது சாதாரண மண் வெட்டு என்றே ஏறியிருந்தது. பில்லோடு டைப் அடித்த தாள் ஒன்றையும் நீட்டினார்கள், ‘எனக்கு வேறு பாக்கி எதுவும் இல்லை’ என்று, கீழே கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி. தீபாவளிக்கு நாலு நாள், கொத்தனார்கள் வீட்டு வாசலில். போட்டுவிட்டார்.

அப்படிப் போட்டாலே எல்லாம் முடிந்தது என்று இல்லை. இப்படி ‘பாக்கி இல்லை’ என்று நெருக்கடியில் வாங்கிய நோ-க்ளைம் சர்டிபிகேட் முழுத் தடையாகாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது, ஆனால் நெருக்கடியை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். அன்றைக்கே, அதிகம் போனால் மறுநாளே, ஆட்சேபத்தோடுதான் கையெழுத்திட்டேன் என்று பதிவுத் தபாலில் ஒரு கடிதம் போயிருக்க வேண்டும். அதைவிட நல்லது, ஜே.இ. வாயால் சொன்ன அன்று மாலையே ‘நீங்கள் சொன்னபடி பாறை உடைக்கிறோம்’ என்று இரண்டு வரி எழுதி, நகலில் சீல் வாங்கி வைப்பது.

மழை வெள்ளத்துக்கும் இதேதான். 2023 டிசம்பர் 17, 18-ல் தாமிரபரணி ஊருக்குள் வந்ததை யாரும் மறக்கவில்லை, ஆனால் உங்கள் சைட்டில் எத்தனை நாள் வேலை நின்றது என்பதை வேலைத் தடங்கல்களைப் பதியும் ஹிண்ட்ரன்ஸ் ரிஜிஸ்டரில் ஏற்றி, கால நீட்டிப்பும் கேட்டிருந்தால்தான் தாமத அபராதத்தை எதிர்த்துப் பேச முடியும்.

பொருள் சப்ளை செய்கிற குறு, சிறு தொழில்காரர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. 2006 எம்.எஸ்.எம்.இ. சட்டப்படி 45 நாளுக்குள் பணம் வர வேண்டும், தவறினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப்போல மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டி. எம்.எஸ்.எம்.இ. அமைச்சகத்தின் இணையதளம் வழியாக மனு போடலாம், தீர்ப்பு உங்கள் பக்கம் வந்தால் அதை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போகிறவர் முதலில் 75 சதவீதத்தைக் கட்ட வேண்டும். தகராறு வந்தபிறகு ஓடிப்போய் உத்யம் பதிவு (குறு, சிறு தொழில் என்பதற்கான அரசுப் பதிவு) எடுப்பதுதான் இங்கே தவறு, ஒப்பந்தத்துக்கு முன்பே எடுத்து வையுங்கள். கட்டுமான வேலைக்கு இது பொருந்துமா என்பதில் தீர்ப்புகள் ஒன்றுபோல இல்லை, வக்கீலைக் கேட்டுக்கொண்டு போங்கள்.

கடைசியாக, கெடு. நடுவரிடமோ கோர்ட்டுக்கோ போக மூன்று வருடம். நினைவூட்டல் கடிதம் எத்தனை போட்டாலும் அது நீளாது. அந்த மூன்று வருடத்துக்குள் துறை பாக்கியை எழுத்தில் ஒப்புக்கொண்டால் கணக்கு அங்கிருந்து புதிதாகத் தொடங்கும். கடிதத்தில் ‘இந்தத் தகராறை நடுவருக்கு அனுப்பக் கோருகிறேன்’ என்று நேராக எழுத வேண்டும், அது அவர்கள் கைக்குப் போய்ச் சேர்ந்த நாளில்தான் ஆர்பிட்ரேஷன் தொடங்கியதாகக் கணக்கு. சித்தப்பாவின் பைலில் பதினோரு கடித நகல்கள் இருந்தன, எல்லாம் ‘பணிவுடன் நினைவூட்டுகிறேன்’ என்று முடிந்தன, ஒன்றில்கூட நடுவர் என்ற சொல் இல்லை. அவரை நான் வண்ணார்பேட்டையில் ஒரு வக்கீலிடம் கூட்டிப்போனபோது மூன்று வருடமும் நாலு மாதமும் ஆகியிருந்தது.