ஒரு மாதம் இலவசம் என்றால், எந்த மாதம்?

ஆறு வருடத்தில் நாலு வீடு மாறியவள் நான். அதில் மூன்று, ஒரு மாத வாடகை இலவசம் என்பதுபோல் புதிதாகக் குடிவருகிறவர்களுக்குத் தரும் ஏதோ ஒரு சலுகையோடு கிடைத்தவை. இப்போது நகரத்தில் ஃபிளாட் தேடும் என் தங்கைக்குச் சொன்னதையே இங்கே எழுதுகிறேன்.

முதலில் புதிதாகக் கட்டி முடித்த பெரிய அடுக்ககங்களைப் பாருங்கள். நூறு, இருநூறு வீட்டை ஒரே சமயத்தில் நிரப்பியாக வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு. பகலில் வீட்டைப் பார்த்தாலும், சாயங்காலம் இருட்டியபின் ஒருமுறை எதிரே போய் நில்லுங்கள். நான் கடைசியாகக் குடிபோன கட்டடத்தில், ஒன்பதாவது மாடியின் எட்டு ஜன்னலில் இரண்டில்தான் விளக்கு எரிந்தது. பால்கனிக் கண்ணாடியில் ஸ்டிக்கர்கூட உரிக்கப்படாமல் இருந்தது. மறுநாள் அந்தக் கட்டடத்தின் வாடகை அலுவலகத்தில் அதைச் சொல்லியே பேசினேன். ஒரு மாதம் இலவசம் என்றவர்கள் ஒன்றரை மாதத்துக்கு வந்தார்கள்.

பழைய கட்டடமென்றால், விளம்பரம் ஒரு மாதத்துக்கு மேல் அப்படியே கிடக்கும் வீட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளின் படிப்புக்கு நடுவே வீடு மாறுகிறவர்கள் குறைவு. பள்ளி நடக்கும் அந்த மாதங்களில் கேட்டால் சலுகை கிடைக்கும்.

இனி கணக்கு. இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். வாடகை 1,200, ஒப்பந்தம் 12 மாதம், ஒரு மாதம் இலவசம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் கட்டுவது 13,200. மாதத்துக்கு 1,100தான் ஆகிறது. விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் இருப்பது இந்த 1,100. ஒப்பந்தத்தில் இருப்பதோ 1,200. அடுத்த வருடம் 5 சதவீதம் ஏற்றினால் 1,200-க்கு மேல்தான் ஏற்றுவார்கள்; 1,260 ஆகும். மாதம் 1,100தான் என்று கணக்குப் போட்டவருக்கு அது 160 அதிகம். வாடகையையே குறைத்துவிடலாமே என்று கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் மறுப்பார்கள். எழுதப்பட்ட வாடகையை வைத்துத்தான் அந்தக் கட்டடத்தின் மதிப்பையே கணக்கிடுகிறார்கள். அதனால், இரண்டாவது வருடமும் இருக்கப்போகிறவர்கள், சலுகையே இல்லாமல் 1,120-க்குக் கிடைக்கும் பக்கத்து வீட்டைத் தள்ளிவிடாதீர்கள்.

ஒப்பந்தத்தைக் கடைசிப் பக்கம்வரை படியுங்கள். என்னுடைய இரண்டாவது வீட்டில், இடையில் காலி செய்தால் சலுகைத் தொகையைத் திருப்பித் தர வேண்டும் என்று ஒன்பதாம் பக்கத்தில் ஒரு வரி இருந்தது. படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். ஏழாவது மாதம் வேலை மாறி வேறு ஊருக்குப் போகவேண்டி வந்தது. இலவசமாகக் கிடைத்த அந்த மாதத்து வாடகையை முழுதாகக் கட்டிவிட்டுத்தான் சாவியைக் கொடுத்தேன். அன்றைக்குப் பட்ட வேதனை இன்னும் ஆறவில்லை. அப்படி ஒரு வரி இருந்தால், தங்கியிருந்த மாதங்களுக்கு ஏற்பக் குறைத்து எழுதச் சொல்லுங்கள்.

முன்பணத்தில் பாதி, விண்ணப்பக் கட்டணம் தள்ளுபடி, வண்டி நிறுத்த இடம் இலவசம் என்றும் சலுகைகள் உண்டு. கையில் பணம் குறைவாக இருக்கும்போது, முன்பணம் குறைவதுதான் பெரிய உதவி. “இரண்டு நாளுக்குள் கையெழுத்துப் போட்டால்தான்” என்று அவசரப்படுத்தினால், சலுகையை மின்னஞ்சலில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். நேரில் பார்க்காத வீட்டுக்கு ஒரு காசுகூட அனுப்பாதீர்கள்.

கடைசியாக, எந்த மாதம் இலவசம் என்று கேளுங்கள். முதல் மாதமாக இருக்கட்டும். லாரிக் கூலி, முன்பணம் எல்லாம் அப்போதுதான் ஒன்றாக வரும். பன்னிரண்டாவது மாதம் என்றால், அதுவரை இருந்தால்தான் கிடைக்கும். முதல் பில் வந்ததும் சலுகை கழிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். எனக்கு ஒருமுறை கழிக்காமல் விட்டிருந்தார்கள். அந்த மின்னஞ்சலைக் காட்டியதும் அடுத்த மாதத்தில் கழித்தார்கள்.