பைக்கில் போகிறவர் சட்டைப்பையில் இருக்க வேண்டிய ஒரு அட்டை

குமரி மாவட்டத்தில் ஆனி மாத மழை நேரம். நாகர்கோவிலில் இருந்து தக்கலைக்கு வந்துகொண்டிருந்தேன், வில்லுக்குறிக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு பையன் பைக்கோடு சறுக்கி விழுந்து கிடந்தான். மூச்சு இருந்தது, கண் திறக்கவில்லை. நாலைந்து பேர் வண்டிகளை ஒதுக்கி நிறுத்தி, 108க்குச் சொல்லிவிட்டு, அவன் வீட்டுக்குச் சொல்ல வேண்டுமே என்று பாக்கெட்டில் பார்த்தால், கண்ணாடி உடைந்த போன், அதில் பேட்டர்ன் லாக். பர்ஸில் கொஞ்சம் ரூபாயும் ஒரு ஏடிஎம் கார்டும், வேறு எதுவும் இல்லை. முக்கால் மணி நேரம் கழித்து, ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும்போது அந்தப் போன் அடித்தது. எடுத்தேன். "மக்ளே, சோறு எடுத்து வைக்கட்டா?" என்று அவன் அம்மா கேட்டார்கள். அவனுக்கு வலிப்பு உண்டு, தினமும் மாத்திரை சாப்பிடுகிறான் என்பதே அந்த அழைப்பில்தான் டாக்டருக்குத் தெரிந்தது. பையன் பிழைத்துக்கொண்டான். ஆனால் அந்த முக்கால் மணி நேரத்தை என்னால் மறக்க முடியவில்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முன்பு பர்ஸுக்குள் லைசென்ஸ், ஒரு போட்டோ, மடித்து வைத்த நம்பர் சீட்டு என்று ஏதாவது இருக்கும். இப்போது லைசென்ஸ் டிஜிலாக்கரில், பணம் ஜிபேயில், நம்பர் எல்லாம் கூகுள் கணக்கில். எல்லாமே ஒரு விரல் ரேகைக்குப் பின்னால் பூட்டிக் கிடக்கிறது. சிம்மை எடுத்து வேறு போனில் போட்டாலும் பெரும்பாலும் நம்பர் எதுவும் வராது, வருகிற அழைப்பை எடுக்கலாம், அவ்வளவுதான். வண்டி நம்பரை வைத்துத் தேடலாம் என்றால், நம் ஊரில் எத்தனை பேர் அண்ணன் பெயரில் உள்ள வண்டியையும், பெயர் மாற்றாத செகண்ட்ஹேண்ட் வண்டியையும் ஓட்டுகிறோம் என்று யோசித்துப் பாருங்கள். அதனால் எதையும் திறக்காமல், முன்பின் தெரியாத ஒருவர் கை நடுங்கிக்கொண்டே எடுத்தாலும் படிக்கிற மாதிரி விவரம் உடம்போடு இருக்க வேண்டும்.

அதற்கு ஒரு அட்டை போதும். ஏடிஎம் கார்டு அளவு. ஜெராக்ஸ் கடையில் டைப் அடித்து லேமினேட் பண்ணிக் கொடுப்பார்கள், ஆதார் பிவிசி கார்டு அடிக்கிற கடையில் கேட்டால் இன்னும் உறுதியாகவே கிடைக்கும். கையால் எழுதினால் ஜெல் பேனா வேண்டாம், தண்ணீர் பட்டால் கலங்கிவிடும். நமக்கு ஆனி ஆடியிலும் மழை, ஐப்பசி கார்த்திகையிலும் மழை, மீதி நாளில் வேர்வை. லேமினேஷன் இல்லாத காகிதம் ஒரு மாதம் தாங்காது. மேலே பெரிதாக எமர்ஜென்சி என்று ஆங்கிலத்தில், அதன் கீழே தமிழிலும் இருக்கட்டும். விவரத்தையும் இரண்டு மொழியில் எழுதுங்கள். களியக்காவிளை தாண்டி கேரளத்துக்குள் பாறசாலை, நெய்யாற்றின்கரை என்று தினமும் வேலைக்குப் போகிறவர்கள் மலையாளத்திலும் ஒரு வரி சேர்த்துக்கொள்வது நல்லது. தலையில் பலமான அடி என்றால் திருவனந்தபுரத்துக்குக் கொண்டு போவதும் நம் பக்கம் வழக்கம்தானே.

இனி யார் நம்பரை எழுதுவது. எளிதாகத் தெரியும், ஆனால் நிறைய பேர் தவறு பண்ணுவது இங்கேதான். அப்பா நம்பர் என்று எழுதுகிறோம், அப்பா கல்ஃபில் இருக்கிறார், டியூட்டி நேரத்தில் போன் லாக்கரில். அண்ணன் நம்பர் என்கிறோம், அண்ணன் குளச்சலில் இருந்து போட்டில் போனால் சிக்னலே கிடையாது. ரப்பர் வெட்டப் போகிறவர் விடியற்காலையில் போனை வீட்டில் வைத்துவிட்டுப் போவார். உங்கள் மேல் யாருக்கு அதிகப் பாசம் என்பதைப் பார்க்காதீர்கள், யார் எந்த நேரத்திலும் போனை எடுப்பார், எடுத்த பிறகு பதறாமல் கிளம்பி வருவார் என்று பாருங்கள். அது பக்கத்து வீட்டு அண்ணனாக இருந்தாலும் சரி, வேலை பார்க்கும் கடை முதலாளியாக இருந்தாலும் சரி. மூன்று நம்பர் போடுங்கள், மூன்றும் ஒரே வீட்டில் இருக்க வேண்டாம். நம்பருக்குப் பக்கத்தில் பெயரோடு உறவையும் எழுதுங்கள்: "மாமா, தக்கலை" என்றிருந்தால் எந்தப் பக்கம் இருந்து ஆள் வரும் என்று கூப்பிடுகிறவருக்குத் தெரியும்.

இன்னொன்று. கணவன், மனைவி, நடுவில் பிள்ளை என்று ஒரே வண்டியில் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கோ சர்ச்சுக்கோ கல்யாண வீட்டுக்கோ போகிறோம். அவர் அட்டையில் இவள் நம்பர், இவள் அட்டையில் அவர் நம்பர், பிள்ளையின் ஸ்கூல் ஐடியில் இவர்கள் இரண்டு பேர் நம்பர். விழுந்தால் மூன்று பேரும் சேர்ந்துதான் விழுவோம். எடுக்க ஆள் வேண்டாமா? ஆகவே ஒரு நம்பராவது அந்த வண்டியில் இல்லாத ஆளுடையதாக இருக்க வேண்டும். பின்னால் உட்காருகிறவருக்கும் தனி அட்டை வேண்டும். பிள்ளை அட்டையில் ஆச்சி, தாத்தா நம்பர் இருக்கட்டும்.

உடம்பு விவரத்தில் எல்லோரும் ரத்த வகையைத்தான் முதலில் எழுதுவார்கள். எழுதுங்கள், தவறில்லை, ஆனால் அட்டையை நம்பி யாரும் ரத்தம் ஏற்ற மாட்டார்கள், ஆஸ்பத்திரியில் அவர்களே டெஸ்ட் பண்ணித்தான் ஏற்றுவார்கள். அதைவிட முக்கியமானது ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மருந்து. இதய வால்வு மாற்றியவர்கள் சாப்பிடும் வார்ஃபரின், அசிட்ரோம், இதய ரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்தவர்கள் சாப்பிடும் குளோபிடோகிரெல், ஆஸ்பிரின் மாதிரியானவை. தலையில் அடி என்றால் ரத்தக்கசிவு நிற்காமல் போகலாம், டாக்டருக்கு அது உடனே தெரிய வேண்டும். அடுத்தது அலர்ஜி: பெனிசிலின், சல்ஃபா என்று எந்த மருந்து ஒத்துக்கொள்ளாதோ அதைச் சிவப்பு எழுத்தில் எழுதுங்கள். அப்புறம் சுகர், வலிப்பு, ஆஸ்துமா, இதய நோய், பேஸ்மேக்கர், உடம்புக்குள் வைத்த பிளேட், கர்ப்பமாக இருந்தால் அது. சுகர் குறைந்து மயங்கிக் கிடப்பவரைக் குடித்துவிட்டு விழுந்தவர் என்று நினைத்து ஒதுங்கிப் போகிறவர்கள் உண்டு. அட்டையில் ஒரு வரி இருந்தால் அந்தப் பழி வராது.

"பிரஷர் குளிகை, வெள்ளையா சின்னதா இருக்கும்" என்று எழுதினால் யாருக்கும் புரியாது. மாத்திரை அட்டையைப் பார்த்து மருந்தின் பெயரையும் எத்தனை மில்லிகிராம் என்பதையும் அப்படியே எழுதுங்கள். நோயின் பெயரை வெளியே சொல்லப் பிடிக்கவில்லையா, மருந்துப் பெயர் மட்டும் போதும், டாக்டருக்குப் புரிந்துவிடும். ஆதார் நம்பரும் வீட்டு முகவரியும் வேண்டாம். தொலைந்தால் வேறு தொல்லை.

அட்டை எங்கே இருக்க வேண்டும்? ஒன்று பர்ஸில், மேலே தெரிகிற கண்ணாடிப் பையில். பர்ஸ் தெறித்துப் போகலாம் என்பதால் இன்னொன்று போன் கவருக்குப் பின்னால். ஜாக்கெட் போடுகிறவர்கள் உள்பாக்கெட்டில் ஒன்று வைக்கலாம். வண்டி சீட்டுக்கு அடியில் வைப்பதில் பயன் இல்லை, வண்டி ரோட்டில் கிடக்கும், ஆள் ஆம்புலன்ஸில் போய்விடுவார். ஹெல்மெட்டுக்குள் வைக்கிறார்கள் சிலர், எனக்கு அதில் சம்மதம் இல்லை. கழுத்தில் அடி பட்டிருந்தால், முறை தெரியாதவர்கள் ஹெல்மெட்டைக் கழற்றவே கூடாது, உள்ளே சீட்டு இருக்கிறது என்று தெரிந்தால் இழுக்கத் தோன்றும். வெளியே பின்பக்கம் சின்ன ஸ்டிக்கரில் ஒரு நம்பர் எழுதி ஒட்டலாம், அதோடு போதும்.

போனில் இரண்டு வேலை இருக்கிறது. ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸில் சேஃப்டி அண்ட் எமர்ஜென்சி என்ற பகுதி இருக்கும், கம்பெனிக்குக் கம்பெனி பெயர் கொஞ்சம் மாறும். அங்கே மருத்துவ விவரத்தையும் எமர்ஜென்சி நம்பர்களையும் ஏற்றி, லாக் ஆகியிருக்கும்போதும் காட்டு என்பதை ஆன் பண்ணுங்கள். ஐபோனில் ஹெல்த் செயலிக்குள் மெடிக்கல் ஐடி. ஆனால் லாக் திரையில் எமர்ஜென்சி என்பதைத் தொட்டால் இது வரும் என்று ரோட்டில் நிற்கிற பத்துப் பேரில் எத்தனை பேருக்குத் தெரியும்? அதனால் இரண்டாவது வேலை: வெள்ளைத் தாளில் பெரிய எழுத்தில் "அவசரம் என்றால் அழைக்கவும்" என்று எழுதி, கீழே இரண்டு நம்பர் போட்டு, போட்டோ எடுத்து அதையே லாக் திரைப் படமாக வைத்துவிடுங்கள். எழுத்து திரையின் நடுவுக்குக் கீழே வர வேண்டும், மேலே கடிகாரம் மறைக்கும். தினமும் தானாகப் படம் மாறுகிற வசதி உங்கள் போனில் இருந்தால் அதை நிறுத்திவிடுங்கள். பேச்சிப்பாறை, கோதையாறு பக்கம் மலையேறினால் சிக்னல் கிடைக்காத இடங்கள் உண்டு. அங்கே போனை நம்பவே முடியாது, அட்டைதான்.

அட்டையில் யார் யார் நம்பர் இருக்கிறதோ அவர்களிடம் இரண்டு விஷயம் சொல்லி வையுங்கள். தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் இருந்து இன்னுயிர் காப்போம் திட்டம் இருக்கிறது, அதில் சேர்ந்த ஆஸ்பத்திரிகளில் விபத்துக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு இலவச உதவி உண்டு, அதனால் பணம் புரட்டிக்கொண்டு வருகிறேன் என்று நேரத்தை விட வேண்டாம். அதேபோல, விழுந்து கிடக்கிறவரைத் தூக்கிவிட்டவர் தன் பெயரைச் சொல்லியே ஆக வேண்டும் என்று போலீஸோ ஆஸ்பத்திரியோ கட்டாயப்படுத்த முடியாது, மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தத்தில் 134ஏ என்று பிரிவே சேர்த்திருக்கிறார்கள்.

அட்டை அடித்து முடித்ததும் ஒரு சோதனை செய்யுங்கள். லாக் பண்ணிய போனையும் பர்ஸையும் பக்கத்து வீட்டுப் பையனிடம் கொடுத்து, "எங்க வீட்டுக்கு ஒரு போன் போடு" என்று மட்டும் சொல்லுங்கள். ஒரு நிமிஷத்தில் அவனால் முடியவில்லை என்றால் எழுத்தைப் பெரிதாக்க வேண்டும், இடத்தை மாற்ற வேண்டும். பிறகு வருஷத்துக்கு ஒரு முறை, வண்டி இன்ஷூரன்ஸ் புதுப்பிக்கிற அன்று, அட்டையில் உள்ள மூன்று நம்பருக்கும் வேறு ஒருவருடைய போனில் இருந்து அழைத்துப் பாருங்கள். தெரியாத நம்பர் என்று வீட்டில் எடுக்காமல் விட்டால், நீங்கள் வெளியே போயிருக்கும் நேரத்தில் எந்த நம்பரில் இருந்து அழைப்பு வந்தாலும் எடுக்கச் சொல்லி அம்மாவிடம் சொல்லி வையுங்கள்.