கூர் மேலேயா, கீழேயா? ஜப்பானிய வாள்களைப் பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சாமுராய் இடுப்பில் எந்த வாள் இருந்தாலும் அதைக் கட்டானா என்று சொல்லிவிடுகிறோம். முதல் தவறு இதுதான், மற்ற தவறுகள் பலவும் இதிலிருந்தே கிளைக்கின்றன. டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கும் புகழ்பெற்ற மிகாசுகி முனேச்சிகா என்ற வாள் கட்டானா அல்ல, டாச்சி என்ற வேறு வகை. ஜப்பானியர் "வானத்துக்குக் கீழே ஐந்து வாள்கள்" என்று கொண்டாடும் ஐந்துமே டாச்சிகள்தான், அவற்றில் ஒன்றுகூடக் கட்டானா கிடையாது.

இரண்டையும் எப்படிப் பிரித்து அறிவது? நீளத்தைப் பார்ப்பதற்கு முன் கூர், அதாவது வெட்டும் விளிம்பு, எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். டாச்சி குதிரை வீரனின் வாள். ஹெயான் காலத்தின் பிற்பகுதியிலிருந்து காமகுரா காலம் வரை (சுமார் 11 முதல் 14ஆம் நூற்றாண்டு) அதுதான் முதன்மை வாளாக இருந்தது. இடுப்பிலிருந்து கயிற்றில் தொங்கும், கூர் கீழ்நோக்கி இருக்கும். பொதுவாகக் கட்டானாவைவிட நீளமும் வளைவும் அதிகம். குதிரை மேலிருந்து ஒரு கையால் வீசுவதற்கு அது தோதாக இருந்தது. பின்னால் முரோமாச்சி காலத்தில் (14 முதல் 16ஆம் நூற்றாண்டு) காலாட்படை பெருகி, சண்டை தரைக்கு இறங்கியது. தரையில் நிற்பவனுக்கு உருவும் வேகம்தான் உயிர். அதனால் வாளைக் கொஞ்சம் குறுக்கி, கூரை மேல்நோக்கித் திருப்பி, இடுப்புப் பட்டைக்குள்ளேயே செருகிக்கொண்டார்கள். கூர் மேலே இருந்தால் உறையிலிருந்து வெளியே வரும் அசைவே வெட்டாகவும் ஆகிவிடும். அதுதான் கட்டானா.

அருங்காட்சியகங்கள் இந்த வழக்கப்படியே வாள்களை வைக்கின்றன. டாச்சி கூர் கீழாக இருக்கும், கட்டானா கூர் மேலாக இருக்கும். கொல்லர் தன் பெயரைப் பொறிப்பதும் பெரும்பாலும் இடுப்பில் அணியும்போது வெளிப்பக்கம் தெரியும் முகத்தில்தான். அதனால் கைப்பிடியைக் கழற்றி, பெயர் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்தே டாச்சியா கட்டானாவா என்று சொல்லிவிட முடியும். வரவேற்பறையில் கட்டானாவைக் கூர் கீழாக மாட்டி வைப்பவர்கள் இதைக் கவனித்தால் நல்லது.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. காலம் மாறியபோது பழைய டாச்சிகளை யாரும் தூக்கி எறியவில்லை, வெட்டிக் குறுக்கினார்கள். வாள்முனை கடினமாக்கப்பட்ட நுட்பமான பகுதி என்பதால் அதைத் தொட மாட்டார்கள். கைப்பிடிக்குள் இருக்கும் அடித்தண்டின் பக்கமிருந்துதான் வெட்டுவார்கள். வெட்டும்போது பல நேரம் கொல்லரின் பெயரும் சேர்ந்தே போய்விடும். ஆக, இன்று கட்டானாவாக உறையில் இருக்கும் பெயரற்ற வாள் ஒரு காமகுரா டாச்சியாகவும் இருக்கலாம். பெயர் பொறிக்காத வாள் மட்டமானது என்று ஒதுக்குவது பெரிய தவறு. பெயர் இருந்தாலே உண்மையானது என்று நம்புவதும் அதே அளவு தவறுதான், ஏனென்றால் புகழ்பெற்ற கொல்லர்களின் பெயரைப் பொய்யாகப் பொறிப்பது பல நூற்றாண்டுப் பழக்கம்.

சரி, நீளத்துக்கு வருவோம். ஜப்பானிய அளவில் ஒரு ஷாகு என்பது சுமார் 30.3 சென்டிமீட்டர். இரண்டு ஷாகுவுக்கு மேல் இருந்தால் கட்டானா அல்லது டாச்சி. ஒன்றுக்கும் இரண்டுக்கும் இடைப்பட்டது வாகிசாஷி. ஒரு ஷாகுவுக்குக் கீழே என்றால் டான்டோ. மூன்று ஷாகுவைத் தாண்டினால் ஓடாச்சி, அதாவது பெரிய வாள். கைப்பிடியையும் சேர்த்து அளந்து குழப்பிக்கொள்ளாதீர்கள். வாள்முனையிலிருந்து, கூருக்கு எதிரான முதுகுப்பக்கத்தில் அலகு (வாளின் உலோகத் தகடு) முடியும் சின்ன வெட்டு வரை நேர்கோட்டில் அளக்க வேண்டும், வளைவின் மேல் நாடாவை ஓட்டக்கூடாது.

வாகிசாஷியைக் 'குட்டிக் கட்டானா' என்று நினைப்பதும் தவறு. எடோ காலத்தில் (1603–1868) நீள வாளும் குறு வாளுமாக ஜோடி சேர்த்து அணிவது சாமுராயின் அடையாளம், அந்த ஜோடிக்கு டைஷோ என்று பெயர். இன்னொருவர் வீட்டுக்குள் போகும்போது கட்டானாவை வாசலிலேயே கொடுத்துவிடுவார்கள், வாகிசாஷி இடுப்பிலேயே இருக்கும். அறைக்குள் சண்டை வந்தால் கைகொடுப்பது அதுதான். வயிற்றைக் கிழித்து உயிர்விடும் செப்புக்குச் சடங்குக்கும் குறு வாள்தான். சாமுராய் அல்லாத வணிகர்களும் பயணிகளும்கூட வாகிசாஷி வைத்திருந்தார்கள். அதனால் பழைய வாகிசாஷி ஒன்றைப் பார்த்ததும் "இது ஒரு சாமுராயுடையது" என்று உறுதியாகச் சொல்லிவிட முடியாது.

போர்க்களத்தில் சாமுராய் வாளை நம்பியே வாழ்ந்தான் என்பது அடுத்த தவறு. அவர்களுடைய பழைய நெறிக்கே "வில்லும் குதிரையும் வழி" என்றுதான் பெயர். முதலில் வில், அப்புறம் ஈட்டி, 1543இல் போர்த்துக்கீசியர் வழியாகத் தானேகாஷிமா தீவில் துப்பாக்கி இறங்கிய பிறகு அதுவும் சேர்ந்துகொண்டது. வாள் பெரும்பாலும் பக்கத் துணைதான். இரண்டரை நூற்றாண்டுக்கு மேல் நீடித்த எடோ அமைதியில்தான் அது சாமுராயின் ஆன்மா என்ற இடத்துக்கு உயர்ந்தது. 1876இல் மெய்ஜி அரசு பொது இடத்தில் வாள் அணிவதைத் தடை செய்தபோது அவர்களுக்கு அவ்வளவு வலித்ததற்குக் காரணம் ஆயுதம் போனதல்ல, அந்தஸ்து போனது.

நிஞ்சாக்களின் நேர் வாள் பற்றி ஒரு வரி போதும்: அப்படித் தனி வாள் வகை இருந்ததற்கு வரலாற்றுச் சான்று கிடையாது.

இரும்பை ஆயிரம் முறை மடித்து அடித்த வாள் என்ற பேச்சு ஓயாமல் வருகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு மடிப்பிலும் அடுக்குகள் இரட்டிப்பாகும். பத்து மடிப்பில் 1,024 அடுக்கு, பதினைந்தில் 32,768. கொல்லர்கள் நிறுத்துவது பெரும்பாலும் இந்த எல்லைக்குள்தான். இரும்பு மணலையும் மரக்கரியையும் களிமண் உலையில் மூன்று பகல் மூன்று இரவு எரித்து எடுக்கும் தமஹகனே எஃகில் கார்பன் ஓரிடத்தில் கூடியும் ஓரிடத்தில் குறைந்தும் இருக்கும், கசடும் கலந்திருக்கும். அதைச் சமப்படுத்தவும் கசடை வெளியேற்றவும்தான் மடிக்கிறார்கள். மேலும் மேலும் மடித்தால் கார்பன் எரிந்து போய் வாள் மென்மையாகிவிடும்.

வாளின் உண்மையான அதிசயம் அதற்குப் பிறகு வருகிறது. கூர்ப்பக்கம் மெல்லியதாகவும் முதுகுப்பக்கம் தடிமனாகவும் களிமண் பூசி, சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்குவார்கள். களிமண் மெல்லிய பக்கம் சட்டென்று குளிர்ந்து கடினமாகிச் சற்று விரியும், முதுகு மெல்லக் குளிர்ந்து நெகிழ்வாக நிற்கும். அந்த இழுபறியில் வாள் பின்பக்கம் வளைகிறது. வளைவின் ஒரு பகுதி தண்ணீருக்குள்தான் பிறக்கிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும். இரண்டு பகுதியும் சந்திக்கும் இடத்தில் தெரியும் அலை போன்ற வெண்கோடுதான் ஹாமோன். மலிவு வாள்களில் அமிலத்தால் இந்தக் கோட்டை வரைந்துவிடுகிறார்கள். உண்மையான ஹாமோனை வெளிச்சத்தில் மெல்லச் சாய்த்துப் பார்த்தால் கோட்டின் ஓரத்தில் பனித்துளி போல நுண்மணிகள் மின்னும், அமிலக் கோடு தட்டையாகவே கிடக்கும். இவ்வளவு கடினமான கூர் எளிதில் சில்லுத் தெறிக்கும் என்பதையும் மறக்கக்கூடாது. இரும்புக் குழாயையும் இன்னொரு வாளின் கூரையும் வெட்டித் தள்ளும் காட்சிகளை நம்ப வேண்டாம்.

அலங்காரத்துக்கு விற்கும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வாளை யாரும் வீசிப் பார்க்கவே கூடாது. அவற்றில் பலவற்றின் அடித்தண்டு பென்சில் கனத்துக்கு ஒட்டவைத்தது, வீசினால் அலகு கழன்று எதிரே நிற்பவர் மேல் பாயும். பயிற்சிக்கு என்றே கூரில்லாத உலோகக் கலவை வாள்கள் உண்டு, ஆசிரியரிடம் கேட்டு வாங்குங்கள். கைப்பிடியையும் அலகையும் சேர்த்துப் பிடிப்பது ஒரு சின்ன மூங்கில் ஆணிதான், அதற்கு மெக்குகி என்று பெயர். ஒவ்வொரு முறையும் வாளை உருவும் முன் அது இறுகியிருக்கிறதா என்று பார்ப்பது வாள் பயில்பவர்களின் முதல் பழக்கம். பூச்சில்லாத வெள்ளை மர உறையோடும் பிடியோடும் சண்டை போடும் படக் காட்சிகள் நிறைய வருகின்றன. அந்த மரக் கூடு வாளைப் பத்திரமாக வைப்பதற்கானது, அடியைத் தாங்காது.

பழைய வாள் ஒன்று உங்கள் கைக்கு வந்தால் செய்யக்கூடாத தவறு அடித்தண்டின் துருவைத் தேய்ப்பது. அந்தக் கருமையான துருதான் வாளின் வயதைச் சொல்லும் முதல் சாட்சி. அதை உப்புத்தாள் வைத்துப் பளபளப்பாக்கினால் பல நூற்றாண்டு ஒரே மாலையில் அழிந்துபோகும். அலகை விரலால் தொடக்கூடாது, ஒரு கைரேகை போதும் புதுத் துரு தொடங்க. அதன் மேல் வாயைத் திறந்து பேசுவதும் கூடாது. மெல்லிய தாளால் பழைய எண்ணெயைத் துடைத்து, கிராம்பு வாசமுள்ள சோஜி எண்ணெயை ஒரு படலமாகத் தடவினால் போதும். மெருகேற்றுவது அதற்கென்றே பல ஆண்டு பயின்றவர்களின் வேலை.

உருவும்போது டாச்சியானாலும் கட்டானாவானாலும் கூரை மேல்நோக்கிப் பிடித்து, முதுகை உறையின் உட்புறத்தில் சறுக்கவிட்டு மெதுவாக வெளியே எடுங்கள். திருப்பி வைக்கும்போதும் அப்படியே, கூர் மரத்தில் உரசும் சத்தமே வரக்கூடாது.