பழைய கணினிக்கு வட்டுப் படிமம்: கட்டும் முறையும் எழுதும் முறையும்

பழைய இசட்80 செயலியைக் கொண்டு வீட்டிலேயே கட்டக்கூடிய ஆர்சி2014 போன்ற கணினியைச் சாலிடர் செய்து முடித்தவருக்கு அடுத்துத் தேவைப்படுவது ஒரு வட்டு. மின்சாரம் கொடுத்ததும், அழியாத நினைவகமான ரோமில் உள்ள நிரல் ஓடி முனையத்தில் வரவேற்பு வரியைக் காட்டிவிடும். ஆனால் சிபி/எம் இயங்குதளமும், தொகுப்பி, பதிப்பி போன்ற நிரல்களும் நிறைந்த காம்பேக்ட் ஃபிளாஷ் அட்டை இல்லாவிட்டால் அதைக் கொண்டு பெரிதாக எதுவும் செய்ய முடியாது. ஆயத்தப் படிமங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. தொடக்கத்துக்கு அவை போதும். ஆனால் நம் கோப்புகளும் நமக்கு வேண்டிய நிரல்களும் கொண்ட வட்டை நாமே கட்டத் தெரிந்துகொண்டால்தான் அந்த இயந்திரம் உண்மையில் நம்முடையதாகிறது. தென்னாப்பிரிக்காவின் டர்பனிலும் அதைச் சுற்றியுள்ள சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், வெருலம் பகுதிகளிலும் இந்தக் கணினிகளில் ஆர்வம் கொண்ட தமிழர்களை நினைத்தே இதை எழுதுகிறேன். இங்குள்ள ஈரக்காற்றும் மின்வெட்டும் இந்த வேலையில் குறுக்கிடும் விதத்தையும் அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

வட்டுப் படிமம் என்பது ஒரு வட்டின் முதல் பைட் தொடங்கிக் கடைசி பைட் வரை உள்ள அனைத்தையும் அதே வரிசையில் வைத்திருக்கும் ஒரே கோப்பு. அதற்குத் தலைப்பு கிடையாது. எத்தனை தடம் (வட்டில் தரவு பதியும் வளையம்), தடத்துக்கு எத்தனை செக்டர் (தடத்தின் ஒரு துண்டு) என்ற விவரம் எதுவும் அதனுள் எழுதப்பட்டிருக்காது. ஆகவே படிமத்தைப் பற்றி முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதன் அளவு. 1.44 எம்பி ஃபிளாப்பியில் 80 தடம், 2 பக்கம், தடத்துக்கு 18 செக்டர், செக்டருக்கு 512 பைட், பெருக்கினால் 14,74,560. பழைய 8 அங்குல ஒற்றைப் பக்க வட்டில் 77 தடம், 26 செக்டர், 128 பைட்; பெருக்கினால் 2,56,256. காமடோர் 64 கணினியின் 1541 ஃபிளாப்பி இயக்கியில் வெளித் தடங்களில் 21 செக்டரும் உட்தடங்களில் 17 செக்டருமாக மொத்தம் 683 செக்டர், ஒவ்வொன்றிலும் 256 பைட் இருப்பதால் படிமம் 1,74,848 பைட் வரும். கையில் கிடைத்த கோப்பின் அளவு இத்தகைய எண்ணோடு ஒரு பைட்கூட மாறாமல் பொருந்தினால், அது எந்த வகை வட்டு என்பதைப் பெரும்பாலும் அப்போதே சொல்லிவிடலாம்.

இனி ஆர்சி2014 வகைக் கணினிகளில் பரவலாகப் பயன்படும் ரோம்டபிள்யூபிடபிள்யூ அமைப்பை எடுத்துக்கொள்வோம். வேய்ன் வார்தன் உருவாக்கிப் பராமரித்துவரும் இந்த அமைப்பு, ஓர் அட்டையைப் பல துண்டுகளாகப் பிரித்து ஒவ்வொரு துண்டையும் ஒரு தனி வட்டாகக் காட்டுகிறது. சிபி/எம் 2.2 ஒரு வட்டில் 8 எம்பிக்கு மேல் கையாளாது என்பதே இந்தப் பிரிப்புக்குக் காரணம். துண்டு அமைப்பில் இரண்டு வகை உண்டு. பழைய எச்டி512 வகையில் அடைவில், அதாவது கோப்புகளின் பட்டியலில், 512 பதிவுகளுக்கு இடம் உண்டு. ஒரு துண்டின் அளவு 85,19,680 பைட். புதிய எச்டி1கே வகையில் 1,024 பதிவுகள். துண்டின் அளவு சரியாக 83,88,608 பைட். ஒரே அட்டையில் இரண்டையும் கலக்கக் கூடாது. புதிதாகத் தொடங்குபவர்கள் எச்டி1கே வகையையே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் கருத்து; அளவு 8 எம்பியாகச் சரியாக அமைவதால் கணக்குப் போடுவது எளிது.

லினக்ஸில் இந்தத் துண்டுகளைக் கையாள சிபிஎம்டூல்ஸ் என்ற கருவித் தொகுப்பு உள்ளது. அது வட்டு வரையறைக் கோப்பு ஒன்றைப் படித்து, அதில் எழுதியிருப்பதை அப்படியே நம்பும். எச்டி1கே துண்டுக்கான வரையறை இதுதான்: செக்டர் அளவு 512, தடங்கள் 1,024, தடத்துக்கு 16 செக்டர், தொகுதி அளவு 4,096, அடைவுப் பதிவுகள் 1,024, செக்டர் இடைமாற்று 0, தொடக்கத் தடங்கள் 2. ஒரு தடம் 8,192 பைட் என்பதால் முதல் 16,384 பைட் இயங்குதளத்துக்கு ஒதுக்கப்படுகிறது. மீதியில் 2,044 தொகுதிகள் கிடைக்கின்றன. அவற்றில் முதல் 8 தொகுதிகளை அடைவே எடுத்துக்கொள்கிறது. இந்தக் கணக்கை ஒருமுறை தாளில் போட்டுப் பாருங்கள். வரையறையில் ஓர் எண் பிசகினாலும் கருவி எந்த எச்சரிக்கையும் தராமல் கோப்புகளைத் தவறான இடத்தில் எழுதிவிடும். அதே தவறான வரையறையைக் கொண்டு நாம் படித்துப் பார்க்கும்போது எல்லாம் சரியாகவே தெரியும். உண்மைக் கணினியில் அட்டையைச் செருகும்போதுதான் குட்டு வெளிப்படும்.

வெற்றுத் துண்டை உருவாக்குவதில் பலர் சறுக்குகிறார்கள். சிபி/எம் அடைவில் ஒவ்வொரு பதிவும் 32 பைட். அதன் முதல் பைட் பயனர் எண். அந்தப் பைட்டில் 229, அதாவது பதினறும எண்முறையில் இ5, இருந்தால் அந்தப் பதிவு காலி என்று பொருள். ஐபிஎம் நிறுவனத்தின் 8 அங்குல வட்டுகள் வடிவமைக்கப்படும்போது எல்லாப் பைட்டும் இ5 ஆகவே நிரப்பப்பட்டன. ஆகவே புதிய வட்டு எந்தத் தயாரிப்பும் இல்லாமலே காலி அடைவாகத் தெரிந்தது. இன்று நாம் பழக்கத்தில் பூஜ்ஜியத்தால் நிரப்பிய கோப்பை உருவாக்கினால், பூஜ்ஜியம் என்பது பயனர் 0 என்றாகி, பெயரில்லாத 1,024 கோப்புகள் இருப்பதாகக் கணினி நினைத்துக்கொள்ளும். அடைவில் இடமில்லை என்ற செய்தி முதல் கோப்பிலேயே வரும். எனவே பூஜ்ஜிய ஓடையை டிஆர் கட்டளையால் எண்ம எண் (எட்டை அடியாகக் கொண்ட எண்) 345 ஆக மாற்றி, ஹெட் கட்டளையால் சரியாக 83,88,608 பைட்டில் வெட்டிக் கோப்பாக்குங்கள். எண்ம 345 என்பது அதே 229 தான். இப்படி நிரப்பிய கோப்பு அப்போதே முழுமையான காலித் துண்டு. வடிவமைக்கும் கட்டளை தனியாக உண்டு என்றாலும், அது தரும் கோப்பு முழு அளவில் இருக்கும் என்று நம்பி நகராமல் அளவைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்த வழியில் அந்தக் கவலையே எழாது.

அடுத்து, தொடக்கத் தடங்களில் இயங்குதளத்தின் பைனரியை எழுத வேண்டும். பைட்டுகளை அப்படியே நகலெடுக்கும் டிடி கட்டளையைப் பயன்படுத்தும்போது வெட்டாதே என்று பொருள்படும் நோட்ரங்க் விருப்பத்தைச் சேர்க்க மறக்கக் கூடாது. அதை விட்டுவிட்டால், 8 எம்பி கோப்பு பைனரியின் நீளத்துக்குச் சுருங்கிவிடும். அந்தப் பைனரி 16,384 பைட்டுக்குள் அடங்குகிறதா என்பதையும் முன்கூட்டியே பாருங்கள். மீறினால் அது அடைவின் மேல் ஏறி எழுதிவிடும்.

கோப்புகளைச் சேர்ப்பதற்கு சிபிஎம்சிபி, பட்டியலிட சிபிஎம்எல்எஸ், கட்டுக்கோப்பைச் சோதிக்க எஃப்எஸ்சிகே.சிபிஎம் ஆகிய கட்டளைகள் போதும். பெயர் 8 எழுத்து, பின்னொட்டு 3 எழுத்து, பயனர் எண் 0 முதல் 15 வரை என்ற வரம்புகளை மனத்தில் கொள்ளுங்கள். உரைக் கோப்புகளுக்குத் தனிக் கவனம் வேண்டும். சிபி/எம் 2.2 ஒரு கோப்பின் நீளத்தை 128 பைட் பதிவுகளாகத்தான் அறியும். உரை எங்கே முடிகிறது என்பதை மதிப்பு 26 கொண்ட பைட் காட்டுகிறது. வரி முடிவுக்கு இரண்டு குறிகள் வேண்டும். இந்த மாற்றங்களை நகலெடுக்கும் கட்டளையின் உரை விருப்பம் தானே செய்துகொள்ளும். அதே விருப்பத்தை நிரல் கோப்புக்குக் கொடுத்தால் நிரல் சிதைந்துவிடும். எனவே உரையையும் பைனரியையும் இரண்டு தனிக் கட்டளைகளில் அனுப்ப வேண்டும்.

தமிழ் எழுத்தில் உள்ள பட்டியல்களை, எடுத்துக்காட்டாகக் கோயில் காவடித் திருவிழா நன்கொடையாளர் பெயர்களை, இந்த வட்டில் ஏற்ற விரும்புபவர்களுக்கு ஒரு சொல். யுடிஎஃப்8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் 3 பைட். அவை அனைத்திலும் எட்டாவது பிட் 1 ஆக இருக்கும். சிபி/எம் காலத்து எழுத்துப் பதிப்பியான வேர்ட்ஸ்டார் தன் ஆவண முறையில் அதே எட்டாவது பிட்டை வடிவமைப்புக்குப் பயன்படுத்துகிறது. ஆகவே தமிழ்க் கோப்பை வேர்ட்ஸ்டாரில் திறந்து சேமித்தால் பெயர்கள் பாழாகும். அந்தக் கோப்புகளை வட்டில் பத்திரப்படுத்தலாம். திருத்துவதை மட்டும் நவீனக் கணினியில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் வலியுறுத்த விரும்புவது ஒன்று உண்டு: படிமத்தை ஒருபோதும் கையால் திருத்திக்கொண்டே போகக் கூடாது. மூலக் கோப்புகள் ஓர் அடைவில், வரையறை அதன் பக்கத்தில், மேலே சொன்ன படிகள் எல்லாம் ஒரு சிறு ஸ்கிரிப்டில் என்று வைத்துக்கொண்டு, மாற்றம் வேண்டும்போதெல்லாம் பழைய படிமத்தை நீக்கிவிட்டு முதலிலிருந்து கட்டுங்கள். நவீனக் கணினிக்கு இது கண்ணிமைக்கும் நேர வேலை. அட்டை பழுதானாலும், ஆறு மாதம் கழித்து எந்தப் பதிப்பை எங்கே சேர்த்தோம் என்பது மறந்துபோனாலும், ஸ்கிரிப்டே பதில் சொல்லும்.

துண்டுகள் தயாரானதும் அவற்றை ஒன்றன்பின் ஒன்றாக ஒட்ட வேண்டும். முன்னால் வருவது 10,48,576 பைட் கொண்ட முன்னொட்டுக் கோப்பு. பார்ட்டிஷன் அட்டவணை அதில்தான் உள்ளது. அந்த அட்டவணையில் 2இ என்ற பதினறும வகை எண்ணைப் பார்த்தால்தான் ரோம் இது எச்டி1கே அட்டை என்று முடிவு செய்யும். முன்னொட்டை விட்டுவிட்டால் ரோம் பழைய எச்டி512 கணக்கைப் போட்டுப் படிக்கத் தொடங்கும். நம் துண்டுகள் சரியாக இருந்தும் திரையில் குப்பைதான் வரும். மூன்று துண்டுகள் கொண்ட படிமம் சரியாக 2,62,14,400 பைட் இருக்க வேண்டும். இடையில் ஒரு துண்டு சற்றே குறைந்தாலும் அதற்குப் பின்னால் உள்ளவை எல்லாம் இடம் பெயர்ந்துவிடும் என்பதால், ஒட்டிய பின் அளவு பொருந்தவில்லையென்றால் ஸ்கிரிப்ட் அங்கேயே நின்றுவிடும்படி ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

அட்டையில் எழுதும்போது ஆபத்து உங்கள் சொந்த வன்தட்டுக்குத்தான். அட்டையைச் செருகுவதற்கு முன்பும் பின்பும் எல்எஸ்பிஎல்கே கட்டளையை ஓட்டி, புதிதாகத் தோன்றிய சாதனம் எது, அதன் கொள்ளளவு அட்டையோடு பொருந்துகிறதா என்று பார்த்த பிறகே டிடி கட்டளையைத் தட்டச்சு செய்யுங்கள். எண் ஒட்டிய பார்ட்டிஷனில் எழுதக் கூடாது; முழுச் சாதனத்தில்தான் எழுத வேண்டும். கணினி அட்டையைத் தானாகத் திறந்து இணைத்திருந்தால் (மவுன்ட்) முதலில் அந்த இணைப்பை அவிழ்த்துவிடுங்கள். எஃப்சிங்க் விருப்பத்தைச் சேர்த்தால், தரவு உண்மையில் அட்டைக்குப் போய்ச் சேர்ந்த பிறகே கட்டளை முடியும். விண்டோஸில் வின்32 டிஸ்க் இமேஜர் அல்லது பலேனா எட்சர் போதும். ஆனால் எழுதி முடித்ததும் வட்டை வடிவமைக்கலாமா என்று விண்டோஸ் கேட்கக்கூடும். வேண்டாம் என்றே பதில் கொடுங்கள்.

சரிபார்க்கும்போது அட்டையை ஒருமுறை வெளியே எடுத்து மீண்டும் செருகுவது அவசியம். அப்படிச் செய்யாவிட்டால் கணினி தன் நினைவகத்தில் வைத்திருக்கும் நகலையே படித்துக் காட்டும்; அட்டையில் என்ன இருக்கிறது என்பது தெரியாமலே போகும். பிறகு அட்டையின் தொடக்கத்திலிருந்து படிமத்தின் நீளத்துக்கு மட்டும் படித்து, அதன் ஷா256 மதிப்பை (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்) படிமத்தின் மதிப்போடு ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தும் ஆர்சி2014 அட்டையை ஏற்கவில்லையென்றால் குற்றம் படிமத்தில் இல்லாமல் இருக்கலாம்: இந்தக் கணினி அட்டையோடு 8 பிட் முறையில் பேசுகிறது, அந்த முறையில் ஒழுங்காக இயங்காத அட்டைகளும் சந்தையில் உண்டு. பழைய கேமராவில் இருந்த சிறிய அட்டை ஒன்றை மாற்றிப் பாருங்கள்.

மின்வெட்டைப் பற்றி இங்கே சொல்லிவிடுகிறேன். 25 எம்பி எழுதச் சில நொடிகளே ஆகும். மடிக்கணினியில் செய்தால் கவலையில்லை. ஃபிளாப்பி அப்படியல்ல. இயக்கிக்கு மின்சாரம் போகும் நொடியிலும் திரும்பும் நொடியிலும் படித்து எழுதும் தலைக்கு அடியில் வட்டு இருந்தால், அந்தத் தடத்தில் தேவையற்ற துடிப்பு பதிந்துவிட வாய்ப்புண்டு. லோட் ஷெட்டிங் (முறை வைத்த மின்வெட்டு) அட்டவணை அறிவிக்கப்பட்ட நாட்களில் நேரத்துக்கு முன்பே வட்டை வெளியே எடுத்துவிடுங்கள். மின்சாரம் வந்து நிலைத்த பிறகு செருகுங்கள்.

ஃபிளாப்பியில் எழுதுவதற்கு முன் படிப்பதைப் பற்றி யோசிக்க வேண்டும், ஏனெனில் கையில் இருக்கும் பழைய வட்டில் வேறெங்கும் இல்லாத ஏதேனும் இருக்கலாம். டர்பனின் கோடைக்கால ஈரத்தில் உறைக்குள் பூஞ்சை பிடிப்பது சாதாரணம். 3.5 அங்குல வட்டின் உலோக மூடியை விரலால் நகர்த்தி, வட்டை மெல்லச் சுழற்றி, வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். மங்கலான புள்ளிகளோ வளையங்களோ தெரிந்தால் இயக்கியில் செருகாதீர்கள். பூஞ்சை தலையில் ஒட்டி, அடுத்து வரும் நல்ல வட்டையும் சுரண்டிவிடும். ஐசோபுரோபைல் ஆல்கஹால் தோய்த்த, இழை உதிராத துணியால் துடைத்து, நன்றாக உலரவிட்ட பிறகே படிக்க வேண்டும். எழுத்துத் தடையையும் முன்பே போட்டுவிடுங்கள். 3.5 அங்குல வட்டில் மூலைத் துளை திறந்திருந்தால் தடை, 5.25 அங்குல வட்டில் ஓர வெட்டை ஒட்டி மூடினால்தான் தடை. இரண்டும் நேர் எதிர்.

படிக்கவும் எழுதவும் நான் பரிந்துரைப்பது கீர் ஃபிரேசர் உருவாக்கிய கிரீஸ்வீசல். யுஎஸ்பியில் இணையும் இந்தச் சிறு பலகை செக்டர்களுக்குப் பதிலாகக் காந்த மாற்றங்களின் நேரத்தையே பதிவு செய்கிறது. அதனால் சாதாரண பிசி இயக்கியைக் கொண்டே அமிகா கணினியின் வட்டையும் படிக்கலாம். நகல் தடை உள்ள வட்டுகளுக்குச் செக்டர் படிமம் போதாது. காந்த மாற்றங்களின் மூலப் பதிவையும் சேர்த்தே வைத்திருங்கள். எழுதும்போது வட்டின் அடர்த்தி பொருந்த வேண்டும்: உயர் அடர்த்தி வட்டின் துளையை நாடாவால் மூடி இரட்டை அடர்த்தி வட்டாகப் பயன்படுத்தினால் அன்று படிக்கும், பின்னாளில் கைவிடும். 1.2 எம்பி இயக்கியின் தலை குறுகலானது என்பதால், 360 கேபி இயக்கியில் எழுதப்பட்ட வட்டின் மேல் அதைக் கொண்டு எழுதினால் ஓரங்களில் பழைய பதிவு மிஞ்சி, இரண்டும் கலந்து படிக்கும். காந்தத்தால் முழுதாக அழித்த வட்டில்தான் அப்படி எழுத வேண்டும்.

நல்ல ஃபிளாப்பிகளே கிடைக்காதவர்கள் ஃபிளாப்பி இயக்கிக்குப் பதிலாகப் பொருத்தும் கோடெக் பெட்டியில் ஃபிளாஷ்ஃபிளாப்பி மென்பொருளை ஏற்றிக்கொள்ளலாம். அதற்குப் படிமத்தை டிடியால் எழுதக் கூடாது; ஃபேட் முறையில் வடிவமைத்த யுஎஸ்பி குச்சியில் படிமக் கோப்புகளைச் சாதாரணமாக நகலெடுத்தாலே போதும், எந்தப் படிமம் வேண்டும் என்பதைப் பெட்டியின் பொத்தான்களால் தேர்ந்தெடுக்கலாம். எழுதி முடித்த உண்மையான வட்டுகளை சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடி இறுகிய பெட்டியில் வைத்து, டிசம்பர் முதல் மார்ச் வரையிலாவது அந்தப் பொட்டலத்தை அவ்வப்போது மாற்றுங்கள்.