எக்ஸ்ட்ரா சிக்கனுக்குக் காசு கொடுக்கும் முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்

மதுரை ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் காலை ஐந்தரைக்கெல்லாம் ஓட வருகிற பையன்களில் நிறையப் பேர் காவலர் தேர்வுக்குத் தயாராகிறவர்கள். உசிலம்பட்டி, மேலூர், திருமங்கலம் பக்கத்துப் பிள்ளைகள். நாலைந்து பேர் சேர்ந்து ரூம் எடுத்துத் தங்கி, மூன்று வேளையும் கடையில்தான் சாப்பிடுகிறார்கள். அவர்களில் ஒரு தம்பி என்னிடம் கேட்டான்: "அண்ணே, புரோட்டீனுக்காக பவுல் கடையில தினமும் எக்ஸ்ட்ரா சிக்கன் போடச் சொல்றேன். அதுக்கு மட்டும் எண்பது ரூபா. வாங்குறது சரிதானாண்ணே?"

எனக்குச் சட்டென்று பதில் சொல்லத் தெரியவில்லை. மறுநாள் நானும் அதே மாதிரி ஒரு பவுல், அதாவது ஒரே கிண்ணத்தில் சோறும் காயும் கறியும் சேர்த்துத் தருவது, வாங்கினேன். எக்ஸ்ட்ராவை மட்டும் தனி டப்பாவில் போடச் சொல்லி வீட்டுக்குக் கொண்டுவந்து, மசாலாவை டிஷ்யூவில் ஒற்றி எடுத்துவிட்டுச் சமையலறைத் தராசில் வைத்தேன். சுண்டுவிரல் நுனி அளவில் ஒன்பது துண்டு. தராசு காட்டியது 40 கிராம். அந்தப் பையனுக்கு அவன் அப்பா கூலி வேலைக்குப் போய்ப் பணம் அனுப்புகிறார். அவனை மாதிரிப் பிள்ளைகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். கடையைக் குறை சொல்வதற்காக அல்ல. எக்ஸ்ட்ரா வாங்குவது தப்பும் இல்லை. எதை, எங்கே, எவ்வளவுக்கு வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

படி 1: உங்கள் தேவையைக் குறித்துக்கொள்ளுங்கள்

ஐசிஎம்ஆர் எனும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-இல் வெளியிட்ட பரிந்துரைப்படி, பெரியவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் ஒரு நாளைக்கு வேண்டும். 65 கிலோ இருப்பவருக்கு 54 கிராம். தினமும் ஓடி, எடை தூக்கிப் பயிற்சி செய்கிறவர்களுக்கு விளையாட்டு ஊட்டச்சத்து வல்லுநர்கள் கிலோவுக்கு 1.2 முதல் 2 கிராம் வரை சொல்கிறார்கள். அதே 65 கிலோவுக்கு அது குறைந்தது 78 கிராம். சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் கூட்ட வேண்டாம்.

மதியம் மெஸ்ஸில் சாப்பிடும் சாப்பாட்டில் சோறு, சாம்பார், கூட்டு, தயிர் எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 15 கிராம் தேறும். நூறு கிராம் சோற்றில் 3 கிராம்கூட இல்லை. மிச்சத்தைத்தான் எக்ஸ்ட்ராவாக வாங்குகிறோம்.

படி 2: "எத்தனை கிராம்?" என்று கேளுங்கள்

இதுதான் முக்கியமான படி. பெரும்பாலானவர்கள் கூச்சப்பட்டு விட்டுவிடுவதும் இதைத்தான். பவுல் கடை, சாண்ட்விச் கடை என்று வரிசையில் நின்று கண்ணாடிக்குப் பின்னால் இருப்பதைக் கைகாட்டி வாங்கும் கடைகளில் ஒரு கரண்டி, ஒரு ஸ்கூப் என்று அளவு வைத்திருப்பார்கள். அமெரிக்காவில் சிப்போட்லே என்ற பவுல் கடையில் ஒரு முறை வைக்கும் கறி 4 அவுன்ஸ், அதாவது 113 கிராம் என்பது பலருக்கும் தெரிந்த கணக்கு. நம் ஊர்க் கடையிலும் அளவு என்று ஒன்று இருக்கும். வாய்விட்டுக் கேட்டால் சொல்லிவிடுவார்கள்.

கேட்கும்போது மூன்று விஷயத்தைச் சேர்த்துக் கேளுங்கள்.

பச்சைக் கறி எடையா, வெந்த கறி எடையா? கோழிக்கறி வேகும்போது ஏறக்குறைய கால்பங்கு எடை இறங்கிவிடும். "நூறு கிராம் போடுறோம்ணே" என்று அவர்கள் சொல்வது பச்சை எடையாக இருந்தால் தட்டில் விழுவது 75 கிராம்தான். ஆனால் அதில் உள்ள புரதம் அப்படியே இருக்கும், இறங்குவது பெரும்பாலும் தண்ணீர். அதனால் பச்சை என்றால் நூறுக்கு 22 கிராம் புரதம், வெந்த நெஞ்சுக்கறி என்றால் நூறுக்கு 30 கிராம் என்று போட்டுக்கொள்ளுங்கள்.

எலும்போடா, எலும்பில்லாமலா? பிரியாணியில் எக்ஸ்ட்ரா பீஸ் கேட்டால் விலா எலும்போ கழுத்துப் பகுதியோ வந்துவிடும். "லெக் பீஸா போடுங்கண்ணே" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

மாவு உண்டா? சிக்கன் 65-இல் கணிசமான எடை சோள மாவும் எண்ணெயும்தான். தந்தூரி, கிரில், பெப்பர் ஃப்ரை என்றால் கறி கறியாகவே வரும்.

கிளை நிறைய உள்ள பெரிய கடை என்றால் இன்னும் எளிது. பத்து அல்லது அதற்கு மேற்பட்ட கிளைகள் உள்ள உணவகங்கள் மெனுவில் ஒரு பரிமாறலின் அளவையும் கலோரியையும் போட வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. மெனு போர்டில் சின்ன எழுத்தில் இருக்கும், தேடிப் பாருங்கள்.

படி 3: ஒரு கிராம் புரதம் எத்தனை ரூபாய்?

போனில் கால்குலேட்டரைத் திறங்கள். எக்ஸ்ட்ராவுக்கு ஆகும் மொத்தக் காசை, அதில் கிடைக்கும் புரத கிராமால் வகுங்கள். வரியையும் சேர்த்துக்கொள்ள மறக்காதீர்கள்.

என் பவுலில் 80 ரூபாய், 5 சதவீத ஜிஎஸ்டி 4 ரூபாய், ஆக 84. வெந்த கறி 40 கிராம் என்றால் புரதம் 12 கிராம். கிராமுக்கு 7 ரூபாய்.

அதே வாரம் பரோட்டா கடையில் வாங்கிய அவித்த முட்டை 15 ரூபாய். ஒரு முட்டையில் 6 கிராம் புரதம். கிராமுக்கு இரண்டரை ரூபாய். கால் கோழி கிரில் வாங்கி எலும்பை நீக்கி நிறுத்தேன், 120 கிராம் கறி, புரதம் 32 கிராம் போல வரும். கொடுத்தது 130 ரூபாய், அப்படியென்றால் கிராமுக்கு 4 ரூபாய். மட்டன் சுக்கா ஒரு பிளேட் 220 ரூபாய், எலும்பு போக 90 கிராம் கறி, புரதம் 22 கிராம், கிராமுக்கு 10 ரூபாய். சுக்காவை ருசிக்காகச் சாப்பிடுங்கள், நானும் அப்படித்தான் சாப்பிடுகிறேன். புரதத்துக்காக தினமும் வாங்கினால் பர்ஸ் தாங்காது.

இவை நான் கொடுத்த விலைகள். உங்கள் தெருவில் வேறாக இருக்கும், கணக்கு ஒன்றுதான். நான் எனக்கு வைத்திருக்கும் கோடு கிராமுக்கு 5 ரூபாய். அதற்குமேல் போனால் அந்த எக்ஸ்ட்ரா வேண்டாம், பவுலை அப்படியே வாங்கிக்கொண்டு பக்கத்துக் கடையில் இரண்டு முட்டை சாப்பிட்டுவிடுவேன்.

மெக்டொனால்ட்ஸ் 2025 ஜூலையில் மேற்கு, தென்னிந்தியக் கடைகளில் புரோட்டீன் பிளஸ் என்று ஒரு ஸ்லைஸ் கொண்டுவந்தது. மைசூருவில் உள்ள சிஎஃப்டிஆர்ஐ உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தோடு சேர்ந்து தயாரித்தது, பர்கருக்குள் கூடுதலாகக் கேட்டு வைத்துக்கொள்ளலாம். ஒன்றில் 5 கிராம் புரதம் என்று அவர்களே சொல்லிவிட்டதால் நமக்கு வேலை மிச்சம். அன்றைய விலையை 5-ஆல் வகுத்தால் போதும். எல்லாக் கடையும் இப்படிக் கிராமை எழுதிப் போட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

சாண்ட்விச் கடையில் இன்னொரு கணக்கு உண்டு. 15 சென்டிமீட்டர் ரொட்டியில் டபுள் மீட் வாங்கினால் வரும் கறி, 30 சென்டிமீட்டர் ரொட்டியில் சாதாரணமாக வரும் கறியின் அளவுதான். இரண்டு விலையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சில நாள் ஆஃபரில் 30 சென்டிமீட்டரே மலிவாக வரும், பாதியைக் கட்டிக் கொண்டுபோய் மாலையில் சாப்பிடலாம்.

கறி சாப்பிடாதவர்களுக்கு

இங்கேதான் காசு அதிகம் வீணாகிறது. பன்னீர், காளான் இரண்டையும் ஒரே விலையில் எக்ஸ்ட்ராவாகப் போட்டிருப்பார்கள். நூறு கிராம் பன்னீரில் 18 கிராம் புரதம் இருக்கிறது, காளானில் 3 கிராம்தான். காளான் நல்ல உணவுதான், ஆனால் புரதத்துக்காக அதற்குக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். பன்னீரில் கொழுப்பும் நூறுக்கு 20 கிராம் அளவில் இருப்பதால் 50 கிராம் போதும் என்பேன். வேகவைத்த கொண்டைக்கடலையில் நூறுக்கு 9 கிராம் வரும். பவுல் கடையில் பல நேரம் கொண்டைக்கடலையைக் காய்கறி வரிசையில் வைத்திருப்பார்கள், தனிக் காசு இருக்காது. "கடலைய கொஞ்சம் கூடப் போடுங்க தம்பி" என்று கேளுங்கள். சாயங்காலம் தெப்பக்குளம் பக்கம் போனால் சுண்டல் இருக்கவே இருக்கிறது.

படி 4: சரியான நேரத்தில் சொல்லுங்கள்

பவுல் கடையில் சோறு விழுவதற்கு முன்னாலேயே, "சோறு பாதி போதும், சிக்கன் எக்ஸ்ட்ரா, ரெண்டாவது கரண்டியும் மொதக் கரண்டி மாதிரியே வேணும்" என்று சொல்லிவிடுங்கள். கரண்டி சட்டிக்குள் போய் வரும்போது பாருங்கள். முதல் கரண்டி குவியலாக வரும், எக்ஸ்ட்ரா என்றதும் தலைதட்டி வரும். சாஸ் ஊற்றிக் கலக்கிவிட்டால் எது முதல், எது எக்ஸ்ட்ரா என்று யாருக்கும் தெரியாது. அதனால் நான் எப்போதும் எக்ஸ்ட்ராவை ஓரமாக வைக்கச் சொல்வேன்.

மெஸ்ஸிலும் பரோட்டா கடையிலும் எக்ஸ்ட்ரா என்ற பேச்சே இல்லை, தனித் தனி அயிட்டம்தான். அங்கே மாஸ்டரிடம் நேராகச் சொல்வது நல்லது. கொத்து பரோட்டாவுக்கு "மூணு முட்டையா ஊத்துங்கண்ணே" என்றால் முட்டைக்கு மட்டும் காசு கூடும். கறி தோசையிலும் அப்படித்தான். மாவு ஊற்றி, முட்டை ஊற்றி, அதன்மேல் கறியைப் பரப்புகிறார்கள். முட்டையை இரண்டாக்கிக்கொண்டால் 6 கிராம் கூடிவிடும், கறியைக் கூட்டுவதைவிடச் செலவு குறைவு.

ஆப்பில் ஆர்டர் செய்தால் ஆட்-ஆன் விலையைக் கடை விலையோடு ஒப்பிட்டுவிட்டு டிக் செய்யுங்கள். எத்தனை கிராம் என்று எழுதாத ஆட்-ஆனை நான் தொடுவதில்லை.

படி 5: பில்

எக்ஸ்ட்ரா தனி வரியாக இருக்கிறதா, ஒரு முறைதான் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். சாதாரண உணவகத்தில் ஜிஎஸ்டி 5 சதவீதம். காம்போசிஷன் என்ற, சின்ன வியாபாரிகளுக்கான எளிய வரித் திட்டத்தில் இருக்கும் கடைகள் வாடிக்கையாளரிடம் ஜிஎஸ்டி வாங்கக் கூடாது, பில்லிலேயே அது எழுதியிருக்கும். சர்வீஸ் சார்ஜ் என்று தானாக ஏற்றியிருந்தால் எடுக்கச் சொல்லலாம். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே அதற்கு வழிகாட்டுதல் கொடுத்துவிட்டது. கடைக்காரர் கேட்கவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு அழைக்கலாம்.

குறைவாக வந்தால்

வாயில் வைக்கும் முன் சொல்லுங்கள், அமைதியாகச் சொல்லுங்கள். அந்தக் கரண்டியைப் பிடித்திருக்கும் பையனும் சம்பளத்துக்கு நிற்பவன்தான், அளவை முடிவு செய்தது அவன் இல்லை. போன வாரம் ரேஸ்கோர்ஸ் தம்பியோடு நானும் அந்தக் கடைக்குப் போயிருந்தேன். எக்ஸ்ட்ரா என்று ஓரத்தில் விழுந்தது ஐந்து துண்டு. அவன் தட்டை நகர்த்தாமல் நின்றான்.

"தம்பி, எக்ஸ்ட்ரானா எத்தன கிராம்?"

"அறுபதுண்ணே."

"இது அறுபது வருமா? தராசு இருந்தா வச்சுப் பாருங்களேன்."

பின்னால் இருந்து இன்னொருவர் தராசை எடுத்து வந்தார். சின்னக் கிண்ணத்தை வைத்து, பூஜ்யமாக்கி, துண்டுகளைப் போட்டார். 31. எதுவும் பேசாமல் இன்னொரு கரண்டி அள்ளிப் போட்டார். 63 காட்டியது. "இருக்கட்டும்ணே" என்று சிரித்துக்கொண்டே பவுலில் கொட்டினார்.