மாற்றியமைத்த டூ-ஸ்ட்ரோக் இன்ஜினுக்குப் பிஸ்டன் வாங்குவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டூ-ஸ்ட்ரோக் பைக்கான யமஹா ஆர்எக்ஸ் 100 இந்தியாவில் 1985 முதல் 1996 வரை தயாரிக்கப்பட்டது. உற்பத்தி நின்று கால் நூற்றாண்டு தாண்டிய பிறகும் அதைப் பாதுகாத்து ஓட்டுபவர்கள் சென்னையில் ஏராளம். ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலோ புதுப்பேட்டையிலோ அதற்குப் பிஸ்டன் கேட்டால், "என்ன சைஸ்?" என்றுதான் முதலில் கேட்பார்கள். கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கும் இன்ஜினுக்கு அந்தக் கேள்வி போதும். சிலிண்டர் சுவரில் உள்ள ஜன்னல்களான போர்ட்டுகளை அகலப்படுத்தி, ஹெட்டை இழைத்து, சைலென்சரையும் மாற்றிய இன்ஜினுக்கு அது போதவே போதாது.

மிகப் பரவலான தவறு வேலையின் வரிசையில் நடக்கிறது. சிலிண்டர் பிளாக்கை முதலில் லேத்துக்கு அனுப்பி 0.50 மி.மீ. ஓவர்சைஸுக்குப் போர் செய்து, அதாவது உட்துளையைக் கடைந்து பெரிதாக்கி, வாங்கிக்கொண்டு, அதன் பிறகு பிஸ்டன் தேடிப் போகிறார்கள். பெட்டியில் 0.50 என்று அச்சிட்டிருந்தாலும், உள்ளே இருக்கும் பிஸ்டனின் உண்மையான அளவு நிறுவனத்துக்கு நிறுவனம் ஒரு மில்லிமீட்டரின் நூறில் இரண்டு மூன்று பாகம் மாறும். இந்த வேலையில் அந்த வித்தியாசம்தான் பிஸ்டன் சிலிண்டருக்குள் இறுகிப் பிடிக்குமா ஓடுமா என்பதைத் தீர்மானிக்கிறது. ஆகவே பிஸ்டனைக் கையில் வாங்கி, மைக்ரோமீட்டரால் அளந்து, அந்த அளவோடு பிஸ்டனுக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவே தேவையான இடைவெளியைக் கூட்டிப் போர் செய்யச் சொல்ல வேண்டும். அளக்கும் இடமும் முக்கியம். பிஸ்டன் முழு வட்டமும் அல்ல, நேரான உருளையும் அல்ல. சூடு அதிகம் ஏறும் தலைப்பகுதி குறுகலாகவும் ஸ்கர்ட் எனும் கீழ்ப்பகுதி அகலமாகவும் கடையப்பட்டிருக்கும். பிஸ்டனைக் கனெக்டிங் ராடோடு இணைக்கும் பிஸ்டன் பின்னுக்குக் குறுக்காக, ஸ்கர்ட்டில் தயாரிப்பாளர் குறித்துள்ள உயரத்தில் அளக்காமல் தலையை ஒட்டி அளந்தால், வரும் எண் பயனற்றது.

அடுத்தது வார்ப்பு பிஸ்டனா, அழுத்தி அடித்து உருவாக்கிய ஃபோர்ஜிங் பிஸ்டனா என்பது. விலை கூடியது எங்கும் நல்லது என்று எண்ணி, தெருவில் ஓடும் வண்டிக்கும் ஃபோர்ஜிங் பிஸ்டன் போடுகிறார்கள். பந்தயத்துக்கான ஃபோர்ஜிங் பிஸ்டன்களில் பல சிலிக்கான் குறைந்த அலாயால் ஆனவை. அடி தாங்கும், ஆனால் சூட்டில் அதிகம் விரியும். அதனால் அவற்றுக்கு வார்ப்பு பிஸ்டனைவிடக் கூடுதல் இடைவெளி விட வேண்டும். வார்ப்புக்குரிய இடைவெளியிலேயே அதைப் பொருத்தி, மே மாத வெயிலில் அண்ணா சாலை சிக்னல்களில் காற்றோட்டமில்லாமல் நிறுத்தி நிறுத்தி ஓட்டினால், பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். அன்றாடம் நகருக்குள் ஓடும் வண்டிக்குத் தரமான வார்ப்பு பிஸ்டனே போதும் என்பது என் உறுதியான கருத்து. இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தளத்தில் ஓடும் வண்டிக்கும், யமஹா பான்ஷீ போல மணலில் நெடுநேரம் முழுத் திராட்டிலில் உழைக்கும் நாற்சக்கர ஏடிவிக்கும்தான் ஃபோர்ஜிங் உண்மையில் தேவைப்படுகிறது.

நான் பணம் இழந்தது ரிங் விஷயத்தில். டூ-ஸ்ட்ரோக் பிஸ்டனின் ரிங் காடியில் ஒரு சிறு பின் இருக்கும். ரிங் சுழன்று, அதன் முனைகள் போர்ட் ஜன்னலுக்குள் எட்டிப்பார்க்காமல் அது காக்கிறது. எக்ஸாஸ்ட் போர்ட்டை அகலப்படுத்திய ஒரு பிளாக்குக்கு, விட்டம் சரியாக இருக்கிறது என்பதற்காக வேறு மாடலின் பிஸ்டனைப் பொருத்தச் சொன்னேன். பின் இருந்த இடம் புதிய ஜன்னலின் ஓரத்தோடு ஒத்துப்போயிற்று. ஹெட்டைக் கழற்றியபோது ரிங்கின் முனை அரிசியளவுக்கு உடைந்து, பிஸ்டன் தலையெங்கும் ஊசியால் குத்தியது போலப் புள்ளிகள். வாங்குவதற்கு முன்பே வெறும் பிஸ்டனைப் பிளாக்குக்குள் விட்டு, தலையிலுள்ள அம்புக்குறியை எக்ஸாஸ்ட் பக்கம் திருப்பி, மேலும் கீழும் நகர்த்தி, அந்த ரிங் பின் எந்தச் சுவரில் செல்கிறது என்று பார்த்திருந்தால் போதும். ஜன்னல் அகலமும் போர் விட்டத்தின் 70 சதவீதத்தைத் தாண்டாமலிருப்பது நல்லது, 50 மி.மீ. போருக்கு அது 35 மி.மீ.

வேறு மாடல் பிஸ்டனில் பிஸ்டன் பின்னின் மையத்திலிருந்து தலை வரையுள்ள உயரத்தையும் ஒப்பிட வேண்டும். அது கூடினால் போர்ட்டுகள் தாமதமாகத் திறக்கும், பிஸ்டன் ஹெட்டில் இடிக்கவும் கூடும். குறைந்தால் கம்ப்ரஷன் இறங்கும். ஸ்கர்ட் குட்டையாக இருந்தால், பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது எக்ஸாஸ்ட் ஜன்னலின் அடிப்பகுதி திறந்து, பிஸ்டனுக்குக் கீழே கிராங்க் கேஸில் உள்ள பெட்ரோல் கலவை வீணாக வெளியேறும்.

பெரிய பிஸ்டன் போட்டால் வேகம் கூடும் என்ற நம்பிக்கைக்கு ஒரு கணக்கே போதும்: ஆர்எக்ஸ் 100-இல் ஒரு மில்லிமீட்டர் கூட்டினால் 98 சிசி 102 ஆகிறது. சிலிண்டரின் உட்சுவரான லைனர் மெலிவதுதான் மிச்சம்.

பொருத்தும்போது ரிங்கைத் தனியாகச் சிலிண்டருக்குள் விட்டு, பிஸ்டன் தலையால் நேராகத் தள்ளி, ஃபீலர் கேஜால் முனை இடைவெளியை அளந்துகொள்ளுங்கள், 50 மி.மீ. போருக்குப் பொதுவாக 0.2 மி.மீ.க்குக் குறையக் கூடாது. பிஸ்டன் பின்னை நகராமல் பிடித்திருக்கும் பழைய சர்க்கிளிப்பை மட்டும் மறுபடி போட வேண்டாம். அது கழன்றால் பிஸ்டன் பின் நகர்ந்து சிலிண்டர் சுவரை வாய்க்காலாகச் சீவிவிடும். அப்போது அடுத்த ஓவர்சைஸும் உதவாது, லைனரையே மாற்ற வேண்டியிருக்கும்.